பத்து சான்றிதழை விட ஒரு முழு ஆய்வு

கேள்வி: வணிகவியல் பட்டம் முடித்து, மூன்று ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருக்கிறேன். போனில் புகார்களைக் கேட்டுப் பதிவு செய்கிற வேலை. வயது 25. மார்க்கெட் ரிசர்ச் அனலிஸ்ட் (சந்தை ஆய்வாளர்) ஆக வேண்டும் என்று ஆசை. விளம்பரங்களைப் பார்த்தால் எஸ்பிஎஸ்எஸ், பைத்தான், பவர் பிஐ என்று சாஃப்ட்வேர் பட்டியல் நீள்கிறது. கூடவே ‘இரண்டு ஆண்டு அனுபவம் தேவை’ என்கிறார்கள். கணக்கு எனக்குச் சுமார்தான். எம்பிஏ படித்தே ஆக வேண்டுமா, ஆன்லைன் கோர்ஸ் போதுமா? ஏஐ வந்த பிறகு இந்த வேலை இருக்குமா? புகார் கேட்டுக் கேட்டு ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: போன் செய்கிறவர் முதலில் சொல்கிற காரணம் வேறு, பேசி முடிக்கும்போது வெளியே வருகிற காரணம் வேறு. இந்தத் துறைப் பக்கம் என்னை இழுத்ததே அதுதான்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சாஃப்ட்வேர் பட்டியலைப் பார்த்து மலைத்துப்போயிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத, கற்றுக்கொடுக்கவும் கஷ்டமான ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சொல்கிற காரணமும் உண்மையான காரணமும் வேறு வேறாக இருக்கலாம் என்ற சந்தேகம்தான் அது. இந்தத் தொழிலே அந்தச் சந்தேகத்தின் மேல்தான் நிற்கிறது.

1985-ல் கோக கோலா நிறுவனம் தன் பானத்தின் ருசியை மாற்றியது. அதற்கு முன்னால் சுமார் 2 லட்சம் பேரிடம் ருசி பார்க்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். பெயர் தெரியாமல் குடித்துப் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் புதியதையே தேர்ந்தெடுத்தார்கள். ஏப்ரலில் புதிய பானம் கடைக்கு வந்தது. எதிர்ப்பு தாங்க முடியாமல், மூன்று மாதத்துக்குள் பழையதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பரிசோதனையில் கணக்குத் தப்பு இல்லை. ‘எது ருசி?’ என்பதற்குச் சரியான பதில்தான் வந்தது. பழையது இனிமேல் கிடைக்கவே கிடைக்காது என்றால் மக்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அந்த ருசிப் பரிசோதனையில் பதில் இல்லை. அந்த முடிவுக்குத் தேவைப்பட்டதோ அந்தப் பதில்.

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் சாஃப்ட்வேர் தெரியாததால் ஓர் ஆய்வு வீணாவதை நான் அதிகம் பார்த்ததில்லை. கேள்வி தவறிப்போய் வீணாகிற ஆய்வுகளைத்தான் நிறையப் பார்க்கிறேன். விற்பனைப் பிரிவு மேலாளர் வந்து, ‘நம் வாடிக்கையாளர்களைப் பற்றி ஒரு சர்வே எடுங்கள்’ என்பார். நல்ல அனலிஸ்ட் உடனே கேள்வித்தாளைத் திறக்க மாட்டார். ‘சரி, பதில் இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்பார். இரண்டுக்கும் ஒரே நடவடிக்கைதான் என்றால் அந்த சர்வே தேவையே இல்லை. இதைப் பணிவாக, ஆனால் தெளிவாகக் கேட்கப் பழகிவிட்டால் பாதித் தொழில் கைவந்த மாதிரி.

ஆனால் சேர்ந்த முதல் வருடமே இந்த இடத்தில் உங்களை உட்கார வைக்க மாட்டார்கள். புதிதாக வருகிறவருக்கு வருவது வேறு வேலைகள்: மற்றவர் எழுதிய கேள்வித்தாளைச் சரிபார்ப்பது, ஆன்லைன் சர்வே லிங்க்கைத் திரும்பத் திரும்ப நிரப்பி எங்கே இடிக்கிறது என்று பார்ப்பது, வந்த டேட்டாவைச் சுத்தம் செய்வது, சொந்த வார்த்தையில் எழுதிய பதில்களை வகை பிரிப்பது, டேபிள் போடுவது, சார்ட் போடுவது. கேட்கச் சலிப்பாக இருக்கும். தொழில் படிகிற இடம் இதுதான் என்பதால் இரண்டை மட்டும் கொஞ்சம் கிட்டப்போய்க் காட்டுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. ‘எங்கள் செயலியின் வேகமும் வடிவமைப்பும் உங்களுக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது?’ படிக்கும்போது ஒன்றும் தப்பாகத் தெரியாது. வேகம் பிடித்து வடிவமைப்பு பிடிக்காதவர் என்ன பதில் சொல்வார்? ஏதோ ஒரு நடு எண்ணைப் போட்டுவிட்டுப் போவார். அந்த எண்ணை வைத்து நீங்கள் எதையும் செய்ய முடியாது. அடுத்து, ‘பிடித்திருக்கிறது’ என்று கேள்வியே முடிவு கட்டிவிட்டது. பிடிக்கவில்லை என்று சொல்ல அவர் கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். மூன்றாவது, அவர் அந்தச் செயலியைக் கடைசியாக எப்போது திறந்தார் என்றே தெரியாது. ஆகவே இதை உடைக்க வேண்டும். முதலில், ‘கடந்த 7 நாட்களில் இந்தச் செயலியைத் திறந்தீர்களா?’ ஆம் என்றவரிடம் மட்டும், ‘கடைசியாகத் திறந்தபோது அதன் வேகம் எப்படி இருந்தது?’ பதில்கள் மிக மோசம் தொடங்கி மிக நன்று வரை, இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். வடிவமைப்புக்குத் தனிக் கேள்வி. ‘வழக்கமாக மாதம் எத்தனை முறை?’ என்று கேட்டால் ஆட்கள் தங்களைப் பற்றித் தாங்களே வைத்திருக்கிற எண்ணத்தைச் சொல்வார்கள். ‘கடந்த 7 நாட்களில்’ என்றால் நடந்ததை யோசித்துச் சொல்வார்கள். அதற்காக எல்லாவற்றுக்கும் 7 நாள் பொருந்தாது. பல வருடங்களுக்கு ஒருமுறை வாங்குகிற பொருள் என்றால் ‘கடைசியாக வாங்கியபோது’ என்றுதான் போக வேண்டும்.

கேள்வியின் வாசகம் பதிலை எவ்வளவு இழுக்கும் என்பதற்குப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. 1940 வாக்கில் அமெரிக்காவில் ஜனநாயகத்துக்கு எதிரான மேடைப் பேச்சுகளைப் பற்றி இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். ஒரு குழுவிடம் ‘அனுமதிக்க வேண்டுமா?’ என்று கேட்டார்கள், இன்னொரு குழுவிடம் ‘தடை செய்ய வேண்டுமா?’ என்று. அனுமதிக்கக் கூடாது என்றவர்கள், தடை செய்ய வேண்டும் என்றவர்களை விடக் கணிசமாக அதிகம். நடைமுறையில் இரண்டும் ஒன்றேதான். ஒரு சொல் மாறியதும் விகிதம் மாறிவிட்டது.

அடுத்து டேட்டா. ஆன்லைன் சர்வே முடிந்ததும் எக்செல் கோப்பு ஒன்று வரும். ஒரு வரிசை ஓர் ஆள். ஒரு வரிசையைப் பாருங்கள்: 15 நிமிடம் ஆக வேண்டிய கேள்வித்தாளை இவர் மூன்றரை நிமிடத்தில் முடித்திருக்கிறார். வரிசையாக 12 அம்சங்களுக்கு மதிப்பெண் கேட்டால் 12-க்கும் 4. ஐந்தாம் கேள்வியில் இந்தப் பொருளை வாங்கியதே இல்லை என்றவர், ஒன்பதாம் கேள்வியில் அதன் பேக்கிங் பிரமாதம் என்கிறார். சொந்த வார்த்தையில் எழுதச் சொன்ன இடத்தில் ‘நல்லது’ என்று ஒரே சொல். இவரை வைத்துக்கொள்வதா, நீக்குவதா? இவரை நீக்கலாம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் வேகமாக முடித்தவர் எல்லாரும் பொய்யர்கள் இல்லை. சிலருக்குப் படிக்கிற வேகமே அதிகம். ஆகவே எந்த விதிப்படி நீக்குவது என்பதை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். எத்தனை பேரை நீக்கினோம், ஏன் என்று ரிப்போர்ட்டில் சொல்ல வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு ஆளை நீக்க ஆரம்பித்தால், நமக்குப் பிடித்த பதில் வரும் வரை நீக்கிக்கொண்டே இருப்போம்.

கணக்கு சுமார் என்றீர்கள். பயப்பட வேண்டாம் என்று மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக மாட்டேன், ஏனென்றால் கொஞ்சம் கணக்கு வேண்டும்தான். ஆனால் அது கால்குலஸ் இல்லை. சதவீதம், சராசரி, நடுமதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கிற எண்), எந்தச் சதவீதமும் எத்தனை பேரை வைத்து எடுத்தது என்று பார்க்கிற பழக்கம், அப்புறம் பிழை வரம்பு. ஆட்களைக் குருட்டாம்போக்கில், எல்லாருக்கும் சம வாய்ப்பு கொடுத்துத் தேர்ந்தெடுத்திருந்தால், 1,000 பேரிடம் கேட்ட சதவீதம் ஏறக்குறைய 3 புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கலாம். 400 பேர் என்றால் 5 புள்ளி, 100 பேர் என்றால் 10 புள்ளி. பிழையைப் பாதியாக்க ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும். இதை மனதில் வைத்து ஒரு நிலைமையைப் பாருங்கள். போன மாதம் 400 பேரில் 42 சதவீதம் திருப்தி என்றார்கள், இந்த மாதம் வேறு 400 பேரில் 44 சதவீதம். மேலாளர் இனிப்பு கொடுக்கத் தயாராகிவிட்டார். இரண்டு மாதத்திலும் பிழை இருப்பதால் இந்த அளவு சாம்பிளில் 7 புள்ளி அளவுக்கு வித்தியாசம் வந்தால்தான் நம்பிப் பேச முடியும். 2 புள்ளி என்பது ஒன்றுமே இல்லை. அந்த அறையில் இதைச் சொல்கிற ஆளாக நீங்கள் இருக்க வேண்டும். அதற்குத் தேவையான கணக்கு பள்ளிக்கூட அளவைத் தாண்டாது. கூடுதலாகத் தேவைப்படுவது சொல்கிற தைரியம்.

ஆட்கள் அதிகமானால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று பத்திரிகை எழுதியது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்தார். அதைவிட எத்தனையோ மடங்கு சிறிய சாம்பிளை வைத்து, கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் ரூஸ்வெல்ட்தான் என்று சரியாகச் சொல்லியிருந்தார். பத்திரிகை முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தது. பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த அந்த நாளில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? அதோடு, அட்டையைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்களும் ஒரு தனி ரகம். இன்றைக்கு நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கத்தில் கருத்துக் கேட்டுவிட்டு ‘மக்கள் சொல்கிறார்கள்’ என்று ஸ்லைடு போடுகிறவர்கள் அதே தப்பைத்தான் செய்கிறார்கள்.

சாஃப்ட்வேருக்கு வருகிறேன். முதலில் எக்செல். பிவட் டேபிள் (டேட்டாவைத் தொகுத்துச் சுருக்குவது), லுக்அப் (இன்னொரு பட்டியலில் தேடி எடுப்பது), சார்ட் இந்த மூன்றும் யோசிக்காமல் கைக்கு வர வேண்டும். அதற்கப்புறம் நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மற்ற நிறுவனங்களுக்காக ஆய்வு செய்து கொடுக்கும் ஏஜென்சிகளில் எஸ்பிஎஸ்எஸ் இன்னும் நிறையப் புழங்குகிறது. நிறுவனங்களுக்குள்ளேயே வாடிக்கையாளரை ஆராயும் இன்சைட்ஸ் பிரிவுகளில், டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் எஸ்க்யூஎல், அதைச் சார்ட்டாகக் காட்டும் பவர் பிஐ, டேப்லோ கேட்பார்கள். காசு செலவில்லாமல் புள்ளியியல் பழக ‘ஆர்’ (R) என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது. பைத்தான் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் எழுதியிருப்பது அவர்களுடைய ஆசைப் பட்டியல். அதில் பாதி தெரிந்தால் விண்ணப்பியுங்கள்.

எம்பிஏ? இந்தத் துறைக்குள் நுழைய அது கட்டாயமில்லை. புள்ளியியல், பொருளாதாரம், உளவியல், சமூகவியல் படித்தவர்களும் வணிகவியல்காரர்களும் கலந்து வேலை செய்கிற துறை இது. சில பெரிய நிறுவனங்கள் மேலாளர் பதவிக்கு அதை எதிர்பார்க்கும். நுழைவதற்காக மட்டும் கடன் வாங்கி எம்பிஏ படிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, தேவை என்று அப்போதும் தோன்றினால் படியுங்கள். ஆன்லைன் கோர்ஸில் சர்வே வடிவமைப்புக்கு ஒன்று, அடிப்படைப் புள்ளியியலுக்கு ஒன்று போதும். அதற்கு மேல் சான்றிதழ்களை அடுக்க வேண்டாம். நேர்முகத் தேர்வில் ஒரே கோர்ஸின் சான்றிதழோடு வரிசையாக ஆட்கள் வந்து உட்காரும்போது அதை வைத்து யாரையும் பிரித்தறிய முடிவதில்லை.

அனுபவம் இல்லை என்ற சிக்கலுக்கு என் பதில் இதுதான்: ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஓர் ஆய்வை நீங்களே செய்யுங்கள். சின்னதாக இருக்கட்டும், ஆனால் முழுதாக இருக்கட்டும். ‘புதிதாக நிறுவிய செயலியை ஆட்கள் சில நாளிலேயே ஏன் நீக்கிவிடுகிறார்கள்?’ மாதிரி ஒரு கேள்வி போதும். முதலில் ஏற்கெனவே இருக்கிற தகவல்: அரசுப் புள்ளிவிவரங்கள், உலக வங்கியின் இலவசத் தரவு, நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், செயலிகளுக்கு எழுதப்பட்டிருக்கும் விமர்சனங்கள். அடுத்து எட்டுப் பத்துப் பேரிடம் உட்கார்ந்து பேசுங்கள். ‘ஏன்?’ என்று நேராகக் கேட்டால் நாகரிகமான ஒரு காரணம்தான் கிடைக்கும். ‘கடைசியாக நீக்கிய செயலி எது, அன்றைக்கு என்ன நடந்தது?’ என்று கதை கேளுங்கள். இதில் உங்களுக்கு மூன்று வருடப் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. அவர்கள் சொன்னதை வைத்துப் பதினைந்து கேள்விக்கு மிகாமல் ஒரு கேள்வித்தாள். அதை ஐந்து பேரிடம் கொடுத்து, அவர்கள் நிரப்பும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். எங்கே நிறுத்தி யோசிக்கிறார்களோ அங்கே கேள்வி சரியில்லை. திருத்தி, நூறு பேர் அளவில் அனுப்புங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்கள் வழியாகக் கிடைத்த நூறு பேர் எல்லாரையும் பிரதிநிதித்துவப்படுத்த மாட்டார்கள் என்பதை ரிப்போர்ட்டில் வெளிப்படையாக எழுதுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பார்த்தே அனுபவமுள்ள மேலாளர் உங்களை நிமிர்ந்து பார்ப்பார்.

ரிப்போர்ட் நான்கு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். முதல் பக்கத்தின் முதல் பத்தியிலேயே முடிவு வந்துவிட வேண்டும். சார்ட்டின் தலைப்பில் ‘வயது வாரியாக நீக்கும் விகிதம்’ என்று போடாதீர்கள். உங்கள் டேட்டா அப்படிச் சொன்னால், ‘விளம்பரத்தை விட, பதிவு செய்யச் சொல்லும் முதல் திரைதான் ஆட்களை விரட்டுகிறது’ என்று போடுங்கள். தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தால் கதை புரிய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் நிறுவனத்தின் புகார்ப் பதிவுகளை எடுத்து இந்த ஆய்வைச் செய்துவிடாதீர்கள். பெயரை நீக்கிவிட்டாலும் அது நிறுவனத்தின் சொத்து, வாடிக்கையாளரின் அந்தரங்கம். பதில் சொன்னவரின் அடையாளத்தைக் காப்பதும், ஆய்வு என்ற பெயரில் பொருள் விற்காமலிருப்பதும் இந்தத் தொழிலின் அடிப்படை நெறிகள். எசோமார் என்ற சர்வதேச அமைப்பு 1948-லேயே இதற்கு ஒரு நெறிமுறைத் தொகுப்பை வெளியிட்டது. திருத்தித் திருத்தி இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. நேர்முகத் தேர்வுக்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அதே புகார்களை நேர்வழியில் பயன்படுத்த வழி உண்டு. ‘மாதா மாதம் புகார்களை வகை பிரித்து ஒரு பக்கச் சுருக்கம் தரட்டுமா?’ என்று உங்கள் மேலாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார். ஆட்கள் சொந்த வார்த்தையில் சொன்னதை வகை பிரிப்பதற்கு எங்கள் தொழிலில் கோடிங் என்று பெயர். ஆறு மாதம் அதைச் செய்தால், விண்ணப்பத்தில் எழுத உங்களுக்கு நிஜ அனுபவம் இருக்கும். ‘இரண்டு ஆண்டு’ என்ற நிபந்தனையும் அப்போது அவ்வளவு பெரிய சுவராக நிற்காது.

ஏஐ பற்றி. ஆரம்ப நிலை வேலைகளில் ஒரு பகுதி குறைந்திருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பேட்டியை எழுத்தாக்குவது, பதில்களை முதல் சுற்று வகை பிரிப்பது, சார்ட் வரைவது எல்லாவற்றையும் இயந்திரம் நொடியில் செய்கிறது. ஆனால் அது பிரித்த வகைகள் சரியா என்று ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். கையால் பிரித்துப் பழகாதவருக்கு அந்தத் தப்பு கண்ணில் படாது. இன்னொரு பக்கம், ஆன்லைன் சர்வேக்களை இயந்திரங்களே நிரப்பிவிட்டுப் போகிற தொல்லை கூடிக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன சுத்தம் செய்கிற திறமைக்கு அதனால் மதிப்பு ஏறுகிறது. மக்களைக் கேட்காமல், மக்களைப் போலப் பதில் சொல்லும்படி இயந்திரத்தையே கேட்டால் போதும் என்றும் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். கேள்வித்தாளை ஒத்திகை பார்க்க அது உதவும். ஆனால் அதை மக்கள் கருத்து என்று விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்களுக்குப் போன் செய்கிறவர் பேச்சின் கடைசியில் சொல்கிற அந்த இரண்டாவது காரணம் எங்கும் எழுதி வைக்கப்படாதது. எழுதி வைத்ததிலிருந்துதான் இயந்திரம் கற்கிறது.

எங்கே சேர்வது என்றால், முடிந்தால் ஏஜென்சியில் தொடங்குங்கள். வேலை நேரம் கடுமையாக இருக்கும், சம்பளம் இப்போது வாங்குவதை விடப் பெரிதாக ஏறாமலும் போகலாம். ஆனால் ஒரே வருடத்தில் பல துறைகளின் பல விதக் கேள்விகள் உங்கள் மேசைக்கு வரும். டேட்டா ப்ராசஸிங் பிரிவில் நுழைவது கொஞ்சம் சுலபம். அங்கே சேர்ந்தால் ஒரு வருடத்துக்குள் கேள்வித்தாள் எழுதுகிற கூட்டங்களில் உட்கார அனுமதி கேளுங்கள், இல்லாவிட்டால் டேபிள் போடுவதிலேயே தேங்கிவிடுவீர்கள்.

தேடும்போது மார்க்கெட் ரிசர்ச் அனலிஸ்ட் என்று மட்டும் தேட வேண்டாம். ரிசர்ச் எக்ஸிக்யூட்டிவ், கன்ஸ்யூமர் இன்சைட்ஸ், கஸ்டமர் எக்ஸ்பீரியன்ஸ் அனலிஸ்ட் என்ற பெயர்களிலும் இதே வேலை வருகிறது. கடைசியாகச் சொன்னதற்கு உங்கள் மூன்று வருடம் நேராகவே கணக்கில் சேரும். விண்ணப்பத்தோடு அந்த நான்கு பக்க ரிப்போர்ட்டையும் இணைத்து அனுப்புங்கள். நேர்முகத் தேர்வின் முடிவில் ‘ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள். ‘நீங்கள் சமீபத்தில் செய்த ஓர் ஆய்வின் முடிவை க்ளையன்ட் ஏற்க மறுத்தது உண்டா, அப்போது என்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். எண்ணை மாற்றிக் கொடுத்தோம் என்ற தொனியில் பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள்.